சட்டக் கல்லூரியில் கூட்டு வாசிப்பு: ஒரே தீர்ப்பை எல்லோரும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சட்டக் கல்லூரியில் சமூக நீதி பற்றிக் கூட்டம் போடுவது எளிது. மேடை, பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் 300 பேரில் ஒருவர்கூட ஒரு பக்கம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டு வாசிப்பு அப்படியல்ல. முதலாமாண்டு மாணவர், பேராசிரியர், அலுவலக உதவியாளர், பக்கத்து நீதிமன்ற வழக்கறிஞர் எல்லோரும் ஒரே பிரதியைப் படித்துவிட்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து, பத்தி எண் சொல்லிப் பேச வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகம் ‘ஊரே ஒரு நூலைப் படிக்கட்டும்’ என்று தொடங்கியது பரவலாகப் பின்பற்றப்பட்டது. அங்குள்ள பல்கலைக்கழகங்களும் புதிய மாணவர்களுக்கு இதுபோன்ற வாசிப்பை நடத்துகின்றன. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் முதல் ஆண்டு நடத்தத் தோதான அளவு இது: 240 பேர், 20 வட்டங்கள், 4 அமர்வுகள், 8 வாரங்கள்.

எதைப் படிப்பது

முதல் ஆண்டில் நூலை எடுக்காதீர்கள், தீர்ப்பை எடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52(1)(க்யூ) நீதிமன்றத் தீர்ப்புகளை மறுபதிப்பு செய்ய அனுமதிக்கிறது (நீதிமன்றமே தடை போட்டிருந்தால் தவிர). யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டி கொடுக்க வேண்டாம். ஆனால் தனியார் சட்ட இதழ்களிலிருந்து நகலெடுக்கக் கூடாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் (2007) அந்த நிறுவனத்தின் சட்ட இதழ் சேர்த்த தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு, பத்திப் பிரிப்பு போன்றவற்றுக்கு உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. எனவே உச்ச நீதிமன்ற இணையதளத்திலோ அதன் மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்.சி.ஆர். தளத்திலோ இருக்கும் மூலத்தையே இறக்கிக்கொள்ளுங்கள்.

சமூக நீதி என்றதும் எல்லோரும் மண்டல் இடஒதுக்கீடு பற்றிய இந்திரா சாஹ்னி (1992) தீர்ப்பைத்தான் சொல்வார்கள். ஒன்பது நீதிபதிகள், தனித்தனித் தீர்ப்புரைகள். எட்டு வாரத்தில் முதலாமாண்டு மாணவர் அதைத் தாண்ட முடியாது. சுகன்யா சாந்தா (2024, அக்டோபர் 3) சிறைக்குள் சாதிவாரி வேலைப் பிரிவினையைச் செல்லாது என்று அறிவித்த தீர்ப்பு. அருமையானது, ஆனால் நீளம். மூன்றாம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்துக்கு எங்கள் பரிந்துரை, கையால் மலம் அள்ளும் முறைக்கு எதிரான வழக்கில் வந்த தீர்ப்பு: சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் எதிர் இந்திய ஒன்றியம், 2014 மார்ச் 27. மனு 2003-இல் தாக்கலானது, தீர்ப்பு வர 11 ஆண்டுகள் ஆயின. எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர். அளவில் சிறியது, மொழி எளியது. அதன் உத்தரவுகள் நம் ஊர் நகராட்சியில் நிறைவேறினவா என்று சரிபார்க்கவும் முடியும். இடஒதுக்கீட்டில் தொடங்கினால் முதல் அமர்விலேயே வட்டம் ‘கட் ஆஃப்’ கணக்கில் இரண்டாகப் பிளந்துவிடும். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் இறந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியில் யாரும் தம் மதிப்பெண்ணுக்காக வாதாட முடியாது. சாதி இதிலும் நடுநாயகமாகவே இருக்கிறது, ஆனால் தப்பித்துப்போகும் வழிகள் குறைவு.

கையேடு

ஏ5 அளவு, 64 பக்கம், நடுவில் பின் அடித்தது. ஒரு ஏ4 தாளில் நான்கு ஏ5 பக்கம் வரும். ஆகவே மொத்தப் பக்கம் 4-ஆல் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். ஒரு பிரதிக்கு 16 தாள். 240 பேருக்கு 300 பிரதிகள் அடியுங்கள்: 15 நூலகத்துக்கு, மீதி 45 தொலைப்பவர்களுக்கும் நடுவில் சேர்பவர்களுக்கும். 300 பிரதிக்கு 4,800 தாள், வீணாவதையும் சேர்த்து 10 ரீம். அட்டை தனி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 புள்ளி எழுத்தில், ஏ4 அளவில், கேட்கும் அளவுக்குப் பிரதிகள் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? தீர்ப்பின் தமிழாக்கம் 36 பக்கம். கையால் மலம் அள்ளுவோர் பணி நியமனத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013-இன் முக்கியப் பிரிவுகள் 10 பக்கம். 2014-க்குப் பிறகு என்ன ஆனது என்று 6 பக்கம். சொற்பட்டியல் 4, காலவரிசை 2, குறிப்பெழுத வெற்றுப் பக்கம் 6.

‘பிறகு என்ன ஆனது’ பகுதியை விட்டுவிட்டால் மாணவர்கள் தவறான சட்டத்தைப் படித்துவிட்டுப் போவார்கள். 2014 தீர்ப்பு 1993 முதல் கழிவுநீர்ப் பணியில் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பல்ராம் சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று அது 30 லட்சமானது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்கும், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்கும் குறையக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 3(1)(ஜே) சேர்ந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவதே வன்கொடுமைக் குற்றம். அலட்சியத்தால் மரணம் என்பதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-வை எழுதிப் பழகிய கை, 2024 ஜூலை 1 முதல் நடந்த நிகழ்வுகளுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 106-ஐ எழுத வேண்டும்.

தமிழாக்கம் உச்ச நீதிமன்றத் தளத்தில் கிடைத்தால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அங்கே இருப்பவற்றில் பல இயந்திர உதவியோடு செய்தவை. ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து பேர் குழு போதும்: தமிழ்வழி மூத்த மாணவர் இருவர், ஆங்கிலவழி இருவர், சரிபார்க்க ஓர் ஆசிரியர். தினமும் ஆளுக்கு 500 சொல் என்று வைத்தால் முதல் வரைவு ஒரு வாரத்தில் முடியும், திருத்தத்துக்கு இரண்டு வாரம் ஆகும். கடினமான சொல்லை நல்ல தமிழில் மாற்றுவதைவிட, முதல் பக்கத்தில் போட்ட சொல்லையே கடைசிப் பக்கம் வரை வைத்திருப்பதில் கவனமாக இருங்கள். ஒரு பக்கத்தில் ‘எதிர்மனுதாரர்’, இன்னொரு பக்கத்தில் ‘பிரதிவாதி’ என்று வந்தால் முதலாமாண்டு மாணவர் இரண்டு பேர் என்றுதான் நினைப்பார்.

மூலத்தின் பத்தி எண்களை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். ஆங்கிலப் பிரதி கையில் வைத்திருப்பவரும் தமிழ்க் கையேடு வைத்திருப்பவரும் ஒரே வட்டத்தில் பேச முடிவது அந்த எண்களால்தான். பக்க எண் யாருக்கும் ஒத்துப்போகாது.

தட்டச்சு ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கட்டும். கோர்ட் வாசலில் உள்ள பல தட்டச்சு நிலையங்கள் இன்னமும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்துத் தருகின்றன. அச்சில் அழகாக வரும், கைபேசியில் குப்பையாகத் தெரியும். பார்வையற்ற மாணவர் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் டாக்பேக் அல்லது என்.வி.டி.ஏ. மென்பொருளை வைத்துக் கேட்டால் அர்த்தமற்ற எழுத்துகள்தான் ஒலிக்கும். ஸ்கேன் செய்த படக் கோப்பும் அதே கதை. மூத்த மாணவர்களை வைத்து ஒலிப்பதிவும் செய்துவிடுங்கள். ஒரு கோப்புக்கு 10 நிமிடம், கோப்பின் பெயரிலேயே பத்தி எண். மெஸ்ஸிலும் பேருந்திலும் இதைக் கேட்பவர்கள் பார்வையற்றவர்கள் மட்டுமாக இருக்க மாட்டார்கள்.

வட்டத்தில் யார் யார்

ஒரு வட்டம் 12 பேர்: முதலாமாண்டு மாணவர் 8, நெறியாளராக மூத்த மாணவர் 2 (ஒருவர் தமிழ்வழி, ஒருவர் ஆங்கிலவழி), ஆசிரியர் 1, கல்லூரிப் பணியாளரோ இளம் வழக்கறிஞரோ சட்ட உதவித் தன்னார்வலரோ 1. 15-ஐத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர் கைபேசி பார்ப்பார்கள். எட்டுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் அமர்வே படுத்துவிடும். 20 அறை ஒரே நேரத்தில் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது, ஆகவே 10 அறையில் இரண்டு வேளையாக வைத்துக்கொள்ளுங்கள்.

யார் விருப்பத்துக்கும் விடாமல், எண் கணக்கில்தான் பிரிக்க வேண்டும். “உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்” என்று விட்டால் விடுதி, ஊர், சாதி என்ற வரிசையில்தான் வட்டங்கள் அமையும். 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் சாதிவாரியாகப் பிரிந்து நின்ற மாணவர்கள் மோதிக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நீதிபதி பி. சண்முகம் ஆணையம் அமைந்தது. பின்னாளில் கல்லூரியே நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் இடம்பெயர்ந்தது. சட்டம் படிக்கும் இடம் என்பதாலேயே சாதி வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதில்லை. மூன்றாண்டுப் படிப்பு, ஐந்தாண்டுப் படிப்பு இரண்டின் வருகைப் பட்டியலையும் ஒன்றாக்கி, வரிசை எண்ணை 20-ஆல் வகுத்து வரும் மீதியே வட்ட எண் என்று வைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பிரித்து முடித்தபின் ஒரே ஒரு திருத்தம்: எந்த வட்டத்திலும் பெண் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது.

பணியாளர்களைச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். கல்லூரியின் தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். அமர்வு நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும் என்று முதல்வர் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டத்தில் உட்கார்ந்ததற்காக அவருக்கு அரைநாள் கூலி போகும். அதைவிட முக்கியமானது, அவரை அனுபவம் சொல்லும் சாட்சியாக அழைக்கக் கூடாது. “நீங்களே சொல்லுங்க அக்கா, எப்படி இருக்கும்?” என்று கேட்கும் கேள்வியில் மரியாதை இல்லை. அவரும் கையேட்டைப் படித்து, அல்லது ஒலிப்பதிவைக் கேட்டு, பத்தியைப் பற்றிப் பேச வந்தவர்தான்.

எப்போது

இரட்டைப்படை செமஸ்டரே சரி. மூன்றாண்டுச் சட்டப் படிப்பின் சேர்க்கை பல ஆண்டுகளில் இழுத்துக்கொண்டே போகும். செப்டம்பர் 17 சமூக நீதி நாளில் தொடங்கலாம் என்று ஆசைப்பட்டால் முதலாமாண்டில் பாதி இருக்கை காலியாக இருக்கலாம். பொங்கல் முடிந்து வேலையைத் தொடங்கி, பிப்ரவரி மூன்றாம் வாரம் முதல் அமர்வு, ஏப்ரல் இரண்டாம் வாரம் நிறைவு. ஏப்ரல் 14 தமிழ்நாடு அரசு சமத்துவ நாளாக அறிவித்த நாள், ஆனால் விடுமுறை. முந்தைய வேலை நாளில் முடித்துக்கொள்ளுங்கள். வகுப்பு அட்டவணையிலேயே இடம் வாங்காமல் ‘கல்லூரி விட்டபின்’ என்று வைத்தால் பேருந்தில் வரும் மாணவர்கள் இரண்டாம் அமர்வோடு நின்றுவிடுவார்கள். அவர்களில் மாணவிகள் அதிகம்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இதை இணைக்க வேண்டாம். இணைத்த மறுநாளே கையெழுத்துப் போட ஒருவர், படிக்க ஒருவர் என்று வேலை பிரிந்துவிடும்.

நெறியாளர் பயிற்சி

நெறியாளர்கள் 40 பேருக்கும் இரண்டு அரைநாள். முதல் அரைநாளில் முழுத் தீர்ப்பையும் அவர்களே வட்டமாகப் படிக்கட்டும். இரண்டாவதில் கேள்வி எழுதும் பயிற்சி. “சாதி ஒழியுமா?” என்பது பட்டிமன்றத் தலைப்பு, வட்டத்துக்கான கேள்வி அல்ல. “இழப்பீட்டுக் கணக்கு ஏன் 1993-இல் தொடங்குகிறது?” என்று கேட்டால் பதில் கையேட்டிலேயே இருக்கிறது: கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த முதல் மத்தியச் சட்டம் அந்த ஆண்டுக்குரியது. அடுத்த கேள்வி தானாக வரும், “அப்படியானால் 2013-இல் இன்னொரு சட்டம் எதற்கு?”

ஆசிரியருக்கு ஒரே விதி: முதல் 30 நிமிடம் பேசக் கூடாது. நாற்காலியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. இதை நெறியாளர் சொன்னால் எடுபடாது, முதல்வரின் சுற்றறிக்கையிலேயே இருக்க வேண்டும்.

நான்கு அமர்வுகள்

ஒவ்வொன்றும் 75 நிமிடம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16 பக்கம். முதல் 10 நிமிடம் ஆளுக்கொரு பத்தியாக உரக்கப் படிப்பது (விரும்பாதவர் “அடுத்தவர்” என்று சொல்லிவிடலாம்), 15 நிமிடம் இருவர் இருவராக, 35 நிமிடம் முழு வட்டம், 15 நிமிடம் எழுத. படிக்காமல் வந்தவரையும் உட்கார வையுங்கள். உரக்கப் படிக்கும்போது அவருக்கும் ஒரு பத்தி கிடைக்கும்.

முதல் அமர்வு வழக்கின் கதை: யார் மனுதாரர், என்ன கேட்டார், 11 ஆண்டுகள் மாநிலங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் அரசமைப்பின் 14, 17, 21, 23 ஆகிய உறுப்புகளைத் தீர்ப்போடு வைத்துப் படிப்பது.

மூன்றாவது அமர்வுதான் கனமானது. 2013 சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 7 சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ‘அபாயகரமாகச் சுத்தம் செய்ய’ ஆளைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பிரிவு 9-இன்படி முதல்முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. இப்போது பிரிவு 2(1)(டி)-க்குப் போங்கள். ‘அபாயகரமான சுத்தம்’ என்றால் வேலை கொடுப்பவர் பாதுகாப்புக் கருவிகளும் சாதனங்களும் தந்து, பாதுகாப்பு முறைகளை உறுதிசெய்யும் கடமையை நிறைவேற்றாமல் செய்விப்பது என்று வரையறை. அப்படியானால் கருவி கொடுத்துவிட்டால் ஆளை இறக்கலாமா? ஒரு ஜோடி கையுறை போதுமா? கொடுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் ஒப்பந்தக்காரர் தப்பிவிடுவாரா? வரையறைப் பிரிவைப் புரட்டிப் பார்க்காமல் தண்டனைப் பிரிவைப் படிக்கக் கூடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத பாடம், இந்த 35 நிமிடத்தில் ஏறும். பிறகு தீர்ப்பின் உத்தரவுக்குத் திரும்புங்கள்: பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் இறக்குவது அவசர நேரத்திலும் குற்றமாக வேண்டும் என்கிறது. அந்த உத்தரவு சட்டத்தின் ஓட்டையை அடைக்கிறதா, அப்படியே விட்டுவிடுகிறதா என்பதை வட்டம் முடிவு செய்யட்டும். ஒரே விடை வர வேண்டியதில்லை.

நான்காவது அமர்வு 2023 தீர்ப்பும் நம் ஊர் நிலவரமும். இதற்குத்தான் தகவல் உரிமை மனு.

தகவல் உரிமை மனு

முதல் அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பதிலுக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள், தாமதமாகப் போட்டால் நான்காவது அமர்வில் கையில் ஒன்றும் இருக்காது. மனுவில் கல்லூரிப் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 3 உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது, நிறுவனம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப இடம் கொடுக்க வேண்டாம். ஒரு மாணவர் தம் பெயரில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும்.

கேள்விகள் குறுகலாக இருக்கட்டும்: 1993 முதல் இந்த உள்ளாட்சி எல்லைக்குள் கழிவுநீர்க் குழாய், தொட்டி வேலையில் இறந்தவர் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக, ஒவ்வொன்றிலும் இழப்பீடு கொடுத்த தேதி, தொகை, 2013 சட்டத்தின் பிரிவு 9-இன் கீழ் பதிவான வழக்குகள், உள்ளாட்சியிடம் இருக்கும் கழிவுநீர் அகற்றும் இயந்திரங்கள். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விக்குப் பதில் வராது, ஏனென்றால் அது பதிவேட்டில் இருக்கும் தகவல் அல்ல. குடும்பத்தாரின் பெயர், முகவரி கேட்காதீர்கள். நமக்கு அது தேவையில்லை. மாணவர்கள் கூட்டமாக அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதும் நடக்கக் கூடாது. ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல் வந்தாலும் அதை வட்டத்தில் வையுங்கள், பழைய செய்தித்தாள் நறுக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும். பதில் வராவிட்டால், 30 நாள் முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு.

எங்கே சறுக்கும்

“நாங்கள்லாம் சாதி பார்க்கிறதில்லை” என்ற வாக்கியம் எந்த வட்டத்திலும் முதல் அமர்விலேயே வரும். எதிர்த்து வாதாடாமல் நெறியாளர் பத்திக்குத் திருப்ப வேண்டும்: “சரி, இந்த வேலையில் இருப்பவர்கள் யார் என்று தீர்ப்பு சொல்கிறது? அந்த இடத்தைப் படியுங்கள்.” இரண்டாவது சறுக்கல் பரிதாபம். ‘பாவம்’ என்ற சொல் மூன்று முறை வந்துவிட்டால் பேச்சு உரிமையிலிருந்து தர்மத்துக்கு நழுவிவிட்டது என்று அர்த்தம். அப்போது யார் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற கேள்வியைப் போடுங்கள்.

பட்டியல் சாதி மாணவர் ஒருவரைப் பார்த்து எல்லோரும் திரும்புவதும் நடக்கும். அவர் யார் சார்பிலும் பேச வந்தவரல்ல. யாரும் யாரிடமும் சாதி கேட்கக் கூடாது, சொல்ல விரும்பினால் அவரே சொல்லலாம் என்பதை முதல் அமர்வின் முதல் நிமிடத்தில் படித்துக் காட்டிவிடுங்கள். இழிசொல் வந்தால் அமர்வை நிறுத்தி, சொன்னதைச் சொன்னபடி எழுதி, அன்றே கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவிடம் கொடுக்க வேண்டும். “வட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்” என்ற சமாதானத்துக்கு நெறியாளர் இணங்கக் கூடாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

வட்டத்துக்கொரு வாட்ஸ்அப் குழு தேவைதான், ஆனால் நேரமும் அறை எண்ணும் மட்டும் அதில் போகட்டும், விவாதம் வேண்டாம். நிழற்படம் நிறைவு நாளில் மட்டும்.

பணமும் கோப்பும்

செலவில் பெரிது அச்சு, அடுத்தது தேநீர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை முதலிலேயே அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை ஊக்குவிக்கச் சொல்கிறது, தன்னார்வலர்களை வட்டத்துக்கு அனுப்பவும் அவர்களால் முடியும். முன்னாள் மாணவர்களிடம் பணமாக வாங்காமல் ரீமாக வாங்கிவிடுங்கள், கணக்கு எளிது.

எட்டாம் வாரம் நிறைவு நாளில் சிறப்பு விருந்தினர் வேண்டாம். வட்டத்துக்கு ஒருவர் 3 நிமிடம், 20 வட்டத்துக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் ஒரு பத்தி எண்ணும் அதன்மேல் ஒரு கேள்வியும் சொல்லி இறங்கட்டும். தகவல் உரிமைப் பதில்கள், முதல் மேல்முறையீட்டின் நகல், எழுதிய தாள்கள் எல்லாம் ஒரே கோப்பாகச் சட்ட உதவி மையத்துக்குப் போக வேண்டும். அடுத்த கல்வியாண்டில் மேல்முறையீட்டைத் தொடரப்போகிற மாணவரின் பெயரும் கோப்பின் மேலட்டையில் இருக்கட்டும். அந்த ஒரு பெயர் இல்லாவிட்டால் கோடை விடுமுறையோடு மேல்முறையீடு நின்றுவிடும்.

இரண்டாம் ஆண்டுக்குச் சண்பகம் துரைராஜன் (1951 ஏப்ரல் 9) தயாராக இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை ஏழு நீதிபதிகள் ரத்து செய்த தீர்ப்பு, அளவில் சிறியது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, இஸ்லாமியர்களுக்கு 1 என்ற பங்கீட்டைக் கையேட்டின் முதல் பக்கத்திலும், அந்தத் தீர்ப்பால் அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் கொண்டுவந்த உறுப்பு 15(4)-ஐக் கடைசிப் பக்கத்திலும் வையுங்கள். மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்ற செய்தி தீர்ப்புக்குள் இருக்கிறது. நெறியாளர்கள் அதை முன்கூட்டிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படித்தவர்கள் கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும்.